மாமனார் போட்ட முடிச்சு

ஏழு மாதமாக மருமகன் லாக்தரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாத படகுத் தலைவர் ரயிஸ் பூஜெம்மா, இன்று அவன் இடுப்பில் தன் கையாலேயே கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு சுற்று சுற்றி, முதுகுப் பக்கம் ஒரு முடிச்சு. மறுமுனையைப் படகின் நடுப்பலகையில் இறுக்கினார்.

வாந்திக்கு நடுவிலும் லாக்தருக்குக் கண் கலங்கியது.

காலையில் கொல்லோ துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது கடல் குளம் மாதிரி கிடந்தது. நண்பகலுக்குள் வடமேற்கிலிருந்து காற்று புரட்டிக்கொண்டு வந்து, பாதி வலையை அறுத்துக் கடலிலேயே விடவேண்டியதாயிற்று. படகில் நாலே பேர். ரயிஸ், மூலூத், பிலால் மூவரும் கடலிலேயே வளர்ந்தவர்கள். லாக்தருக்கோ கடலில் இது நாலாவது நாள்.

பத்து வருடம் மலையில் கார்க் பட்டறையில் வேலை பார்த்தவன் அவன். பட்டறை மூடியதும் அல்ஜியர்ஸுக்குப் போய் வேலை தேடுகிறேன் என்றான். அவன் மனைவி யமீனா விடவில்லை. அப்பாவிடம் அழுது அடம்பிடித்து அவர் படகிலேயே இடம் வாங்கிக் கொடுத்துவிட்டாள். தாயில்லாப் பெண், அவள் பேச்சை ரயிஸால் தட்டமுடியாது. இந்தக் கல்யாணமும் அப்படி நடந்ததுதான்.

அதற்காக மருமகனை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தமில்லை. அவனை "மலைக்காரன்" என்பார். அதையும் நேராகச் சொல்லமாட்டார். மூலூதிடம் சொல்வார், மூலூத் இவனிடம் சொல்லவேண்டும். மூன்று பேரும் நாலடி இடைவெளியில் நின்றுகொண்டு இந்தக் கூத்து தினமும் நடந்தது. ஒரே ஒரு தடவை அவர் வாயால் "மகனே" என்று கேட்டுவிட்டால் போதும் என்று லாக்தர் ஏங்கிக்கொண்டிருந்தான்.

"படகு கவுந்தா நானும் அதோட போயிடுவேனே, மாமா?" என்று கேட்டான்.

"மரப்படகு முழுகாது. கவுந்தாலும் கரைக்குத்தான் போய் ஒதுங்கும்."

பயப்படாதே என்பதைத்தான் மனிதர் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று லாக்தர் புரிந்துகொண்டான். சொன்னவர் சுக்கானைப் பிடிக்கப் போய்விட்டார்.

யாரும் சொல்லாமலே மூலூதும் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். பிலால் மட்டும் கட்டாமல் வாளியால் தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான். நீ கட்டிக்கொள்ளவில்லையா என்று லாக்தர் கத்திக் கேட்டான்.

பிலால் பல்லைக் காட்டினான். "ஒண்டிக்கட்டைக்கு எதுக்குப்பா கயிறு?"

உயிர்மேல் இவ்வளவு அலட்சியமா என்று லாக்தருக்குக் கோபம் வந்தது. பிறகுதான் பார்த்தான், ரயிஸ் இடுப்பிலும் கயிறு இல்லை. தன் கயிற்றைத்தான் அவிழ்த்து எனக்குக் கட்டினாரா? அந்த நினைப்பே அவனுக்குத் தெம்பு கொடுத்தது. எழுந்து, இன்னொரு வாளியை எடுத்துத் தண்ணீர் வாரத் தொடங்கினான்.

அடுத்த அலை பக்கவாட்டில் வந்தது. வாளியையும் அவனையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிற்று.

மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். காலையில் யமீனா ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோது முகம் கொடுத்துப் பேசாமல் வந்துவிட்டோமே என்று மட்டும் நினைத்தான். செத்துவிடுவோம் என்று நன்றாகவே தெரிந்தது.

இடுப்பில் வெடுக்கென்று ஒரு இழுப்பு. மூலூதும் பிலாலும் கயிற்றைப் பிடித்து இழுத்து அவனைப் படகுக்குள் போட்டார்கள். ரயிஸ் சுக்கானை விடாமல் திரும்பி முதலில் முடிச்சைத்தான் பார்த்தார். அது அப்படியே இருந்தது. பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தார்.

அதற்கப்புறம் மூன்று மணி நேரம். மாறி மாறித் தண்ணீர் வாரினார்கள். ஒருமுறை இன்ஜின் நின்று, மூலூத் தெரிந்த பிரார்த்தனையெல்லாம் சொல்லி, பிறகு கிளம்பியது. மாலைத் தொழுகை அழைப்பு காதில் விழும்போது துறைமுகச் சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள்.

கரையில் பெண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அதில் யமீனா தெரிந்ததும் லாக்தர் குழந்தைபோல அழுதான். முதுகுப்பக்க முடிச்சு நனைந்து இறுகி, மூலூத் கத்தியால்தான் அறுக்கவேண்டியிருந்தது.

லாக்தர் தள்ளாடி நடந்து போய், சுக்கானருகே நின்ற மாமனாரின் தலையில் முத்தமிட்டான்.

"என் உயிரையே காப்பாத்திட்டீங்க, மாமா. உங்களுக்கு என்னைப் பிடிக்கவே பிடிக்காதுன்னு இத்தனை நாளா தப்பா நெனைச்சிட்டேன்."

மூலூத் இருமிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிலால் வலையில் எதையோ தேட ஆரம்பித்தான்.

ரயிஸ் அறுத்த கயிற்றை நிதானமாகச் சுருட்டினார். மகள் ஓடிவருவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உயிருக்கு எவன்டா கயிறு கட்டுவான், மலைக்காரா? கடல்ல காணாமப் போனவன் பொண்டாட்டி மறுகல்யாணத்துக்கு நாலு வருஷம் காத்துக் கெடக்கணும். பொணம் கெடைச்சிட்டா, நாலு மாசம் பத்து நாள் போதும்."