மேடையில் இல்லாத வாழை மரம்

கெட்டிமேளம் முழங்கியபோது அவள் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

தாளில்.

அவள் வழக்கம் அது. முதலில் பொட்டு. அங்கிருந்து இறங்கி மூக்கு, இரண்டு பக்கமும் கண். கல்யாண மேடையில் யாரும் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள். எல்லா முகத்தையும் பொட்டில் தொடங்கினால் கை தடுமாறாது.

பென்சில் கிடையாது. நேராக மைதான்.

முன்பெல்லாம் பென்சிலில் வரைந்தவள்தான். பாடப்புத்தகத்துக்கு வரைந்தபோது, பையன் கையில் இருந்த துடைப்பத்தை அழித்து அக்காள் கையில் கொடுக்கச் சொன்னார்கள். மிட்டாய்க் கடை அட்டைப்பெட்டிக்கு வரைந்தபோது, லட்டு பிடிக்கிற பெண்ணின் கறுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு டாக்டர், சுவரில் மாட்டும் படத்திலிருந்து பொக்கைவாய்க் கிழவரை எடுத்துவிடச் சொன்னார். அதுவும் பல் டாக்டர்.

யாரும் கத்திச் சொன்னதில்லை. "சின்ன சேஞ்ச்தான் மேடம்" என்பார்கள்.

அந்தச் 'சின்ன'வில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ரப்பரைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். இனி மைதான். பிடித்தால் வாங்கு, பிடிக்காவிட்டால் போ.

இன்றைக்குத் திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்கு எதிரே உட்கார்ந்து, நடப்பதை அங்கேயே வரைந்து கொடுக்க வேண்டும். கூப்பிட்டது மணப்பெண் தாரணி.

"போட்டோ எல்லார் வீட்லயும் இருக்குக்கா. எனக்குக் கையில வரஞ்சது வேணும். அவங்க வீட்டு ஹால்ல மாட்டப்போறேன்."

காலையில் அலங்கார அறையில் தாரணியின் அம்மாவைப் பார்த்தாள். அம்சவேணி. வாயில் ஊக்கு, கையில் மகளின் புடவை மடிப்பு. மடிப்பைத் தோளில் அடுக்கி, பிடித்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி பிடித்தார். கணவர் போனபிறகு தையல் மெஷினை மிதித்து மகளை ஆளாக்கியவர். முகூர்த்த ரவிக்கையும் அவர் தைத்ததுதான்.

தாலி கட்டும்போது மேடையில் அவர் இல்லை.

தாரணியின் சித்தப்பாவும் சித்தியும் நின்று தாரை வார்த்துக் கொடுத்தார்கள். அம்சவேணி சாமான் அறை வாசலில், கதவுக்குப் பாதி மறைவாக, வெறும் நெற்றியோடு நின்றார். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. அவராகவே போய் நின்றுகொண்டார்.

அவளுக்குக் காது சூடானது.

தாளின் ஓரத்தில், சித்தி நின்ற இடத்தில், அம்சவேணியை வைத்தாள். காலையில் பார்த்த அதே கை. மகளின் தோளில், மடிப்பைப் பிடித்தபடி.

முகம் முடிந்த பிறகுதான் கவனித்தாள். பழக்க தோஷம். அம்சவேணியையும் பொட்டில்தான் தொடங்கியிருந்தாள்.

பந்திக்குப் போகிற வழியில் சித்தி எட்டிப் பார்த்தார். போனவர் சித்தப்பாவோடு திரும்பி வந்தார்.

"பொட்டு வேற வச்சிருக்கு, பாருங்க."

சித்தப்பா குரலை உயர்த்தவில்லை. "மாப்பிள்ள வீட்டு ஹால்ல மாட்டுற படம்மா. அவங்க என்ன நெனப்பாங்க? சின்ன விஷயம்தான். அண்ணிய மட்டும் எடுத்துருங்க."

"மை. அழியாது."

"அப்ப வேற வரைங்க."

"கல்யாணம் ஒருக்காதான நடந்துச்சு?"

சித்தப்பா திரும்பினார். நேராகச் சாமான் அறைப் பக்கம் போனார்.

அம்சவேணி வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். ஒரு விரல் தாளைத் தொடாமல், நெற்றிக்கு மேலேயே நின்றது.

"நல்லாத்தான் இருக்கேன்."

விரலை மடக்கிக்கொண்டார்.

"எடுத்துரும்மா. எம்பிள்ள அந்த வீட்ல போயிப் பொழைக்கணும்."

சித்தப்பா மேல் வந்ததைவிட அம்சவேணி மேல் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. யாருக்காக மல்லுக்கு நிற்கிறோமோ அவரே கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது? கத்த வேண்டும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை.

மையை அழிக்க முடியாது. மேலே மை போடத்தான் முடியும்.

வாழை மரம் போட்டாள்.

பொட்டின் மேல் போட்டாள். கண்ணின் மேல், மூக்கின் மேல், தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டாள். தண்டு. இலை. குலை. எல்லாம் கருகருவென்று. தான் மறைவதை அம்சவேணி பக்கத்திலேயே நின்று பார்த்தார். முடிந்ததும், "சாப்ட்டுட்டுப் போம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மாலையும் கழுத்துமாகத் தாரணி வந்து படத்தை வாங்கினாள்.

மரத்தைப் பார்த்தாள். திரும்பி மேடையைப் பார்த்தாள். வாழை மரம் மண்டப வாசலில்தான் கட்டியிருந்தது.

"இது ஏங்க்கா இங்க?"

அவள் பேனாவை மூடினாள்.

தாரணி படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். தண்டு முடிகிற இடத்தில் மை நின்றுவிட்டிருந்தது. அதைத் தாண்டி, மணப்பெண்ணின் தோளில், நான்கு விரல்கள் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"குடு பாப்பா, பாப்போம்" என்று சித்தப்பா கை நீட்டினார்.

தாரணி கொடுக்கவில்லை. தன் கையில் பிடித்தபடியே காட்டினாள்.

"ம். இப்பத்தான் பாக்க நல்லா இருக்கு."

"ஆமா சித்தப்பா."

மருதாணி வைத்த அவள் கட்டைவிரல், படத்தில் அந்தத் தோளின் மேல் அழுந்தியிருந்தது. அவர் பந்திக்குப் போகும்வரை அதை எடுக்கவில்லை.