பொறுப்பெல்லாம் அமெரிக்காவில்

“எங்களுக்குப் பொறுப்பில்லைன்னு சொல்லிட்டு, இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுய்யா எங்க வீட்டு வாசப்படி ஏறுறீக?”

ஐயாத்துரை வேட்டியை மடித்துக் கட்டினான். கையில் ஸ்வீட் பெட்டியோடு நின்ற சுப்புராஜ் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். இன்டர்நெட்டில் கடைகளுக்கு முகவரிப் பெயர் பதிந்து கொடுக்கும் சென்னைக் கம்பெனியின் மேனேஜர் அவர். கோட்டு மாட்டியிருந்தவர் அருப்புக்கோட்டை வெயிலில் வியர்த்து நனைந்து போயிருந்தார்.

“கத்தாதீங்க, உள்ள வரட்டும்,” என்றாள் காளீஸ்வரி புருஷனிடம். “உக்காருங்க சார்.”

உட்காரச் சொல்கிறாளே என்று ஐயாத்துரைக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஊரில் எவனுக்கும் நெட் என்றால் என்னவென்றே தெரியாத தொண்ணூற்றெட்டிலேயே, காளீஸ்வரி தன் பேரில் ஒரு முகவரி வாங்கி, தங்கள் தறிச் சேலைகளைப் படமாகப் போட்டவள். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வந்தது. பெயரை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அவள் கெடுவுக்கு முன்பே பணம் அனுப்பிவிட்டாள். அதை வாங்கிக்கொண்டு புதுப்பிக்க வேண்டிய சுப்புராஜின் கம்பெனி தூங்கிவிட்டது. கெடு முடிந்த மறுநாளே பம்பாய்க்காரன் ஒருவன் அந்தப் பெயரைக் கொத்திக்கொண்டு போனான். அதன்பிறகு காளீஸ்வரியின் முகவரியைத் தட்டினால் சேலை வரவில்லை; சேலையே கட்டாத பொம்பளைகள் வந்தார்கள். ஆர்டர் நின்றது, தறியும் நின்றது. ஊர்க்காரர்கள் சிரித்ததுதான் மிச்சம்.

கேட்கப் போனால், ‘பதிவெல்லாம் அமெரிக்காவில் இருக்கிறது, அங்கே கேளுங்கள்’ என்றார்கள். அமெரிக்காவுக்கு எழுதினால், ‘வாங்கிய இடத்தில் கேள்’ என்று பதில் வந்தது. பெரிய கம்பெனியாம், ஏ.சி. ரூமாம்! தப்புச் செய்தவன் மட்டும் எந்த ரூமிலும் இல்லை.

“போன வாரம் உங்க ஆபீஸுல வந்து கெஞ்சுனேனே, என்ன சொன்னீக?” என்றான் ஐயாத்துரை. “போன பேரு போனதுதான், சாமியே வந்தாலும் திரும்பாதுன்னீக!”

“அது வந்து... அந்தப் பம்பாய்க்காரர்கிட்ட நாங்களே பேசி வாங்கிட்டோம் சார். காலையில மேடம் பேருக்கே மாத்தியாச்சு.”

ஐயாத்துரை நம்பாமல் மனைவியைப் பார்த்தான்.

“நெசந்தாங்க. ஜெபக்குமார் பிரௌசிங் சென்டர்ல போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். நம்ம பேரு நம்மகிட்ட வந்துருச்சு.”

சந்தோஷத்தைவிட அவனுக்கு ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

“ஒரு வாரத்துல முடிஞ்ச காரியத்துக்கா எங்கள இந்தப் பாடு படுத்துனீக? இப்ப மட்டும் எந்த அமெரிக்காக்காரன் எறங்கி வந்தான்?”

சுப்புராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

“தப்பு யாரோடதுன்னு உங்க வாயால சொல்லிருங்க சார்,” என்றாள் காளீஸ்வரி நிதானமாக. “இவுக காதுல விழட்டும்.”

“எங்களோடதுதான் மேடம். ரெண்டு தடவையும் புதுப்பிக்க மறந்தது நாங்கதான்.”

“ரெண்டு தடவையா?” ஐயாத்துரைக்குப் புரியவில்லை.

சுப்புராஜ் எழுந்து, காளீஸ்வரியைப் பார்த்துக் கை கூப்பிவிட்டார்.

“முதல்ல உங்க பேரு, இப்ப எங்க கம்பெனியோட சொந்தப் பேரு! காலியாக் கிடந்ததை நீங்க வாங்கிட்டீங்க, சரி... தயவுபண்ணித் திருப்பிக் குடுத்துருங்க மேடம். மூணு நாளா எங்க முகவரியை யார் தட்டினாலும் உங்க சேலைதான் வருது!”