தகட்டில் படிந்த ஆவி

மருத்துவர் குளிர்ந்த எஃகுத் தகடு ஒன்றை யதுர்ஷாவின் மூக்கின் கீழே பிடித்தார்.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஆவி படிந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்த தாய் ஜெயகுமாரிக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். படங்களில் அவளுடைய மூக்கு சற்று இடப்பக்கம் சாய்ந்து தெரிந்தது. அழகுக்காக என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெட்டமாட்டார்கள். மூச்சு முட்டினால் வெட்டுவார்கள். அதனால் ஸ்டோவ்னர் நிலையத்தில் ரயில் ஏறியதிலிருந்து ஜெயகுமாரி மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தபடியே வந்தாள்.

யதுர்ஷா நொர்வேஜிய மொழியில் ஒப்பித்தாள். ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு. விடியற்காலையில் வாய் காய்ந்துவிடும். குளிர்காலத்தில் மூக்கிலிருந்து இரத்தம். குறட்டை.

அதற்குமேல் மறந்துபோயிற்று.

"இடப்பக்கம் சரிஞ்சு படுத்தாத்தான் மூச்சு வரும் எண்டும் சொல்லு பிள்ளை."

அதையும் சொன்னாள்.

மருத்துவர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். மூக்கின் நடுச்சுவர் நேராகத்தான் இருக்கிறது என்றார். பிறகு, இந்த அறிகுறிகளை எங்கே வாசித்தீர்கள் என்று கேட்டார். குரலில் கோபமில்லை. மாணவர்கள்கூட இவ்வளவு சரியாகச் சொல்லமாட்டார்கள் என்றார்.

யதுர்ஷாவுக்குக் காது சுட்டது. அம்மா எதையும் வாசித்திருக்கவில்லை. ரயில் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, யோசிக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னவள்.

மருத்துவர் இப்போது தாயைப் பார்த்தார்.

ஜெயகுமாரியின் வாய் சற்றுத் திறந்திருந்தது. எப்போதும் அப்படித்தான். வீட்டில் எல்லோரும் அதை அவளுடைய முகம் என்றே நினைத்திருந்தார்கள்.

அவர் இன்னொரு தகட்டை எடுத்து, வாயை மூடும்படி சைகை காட்டினார்.

வலப்பக்கம் மட்டும் ஆவி படிந்தது. இடப்பக்கம் துலக்கிய தட்டுப்போல மினுங்கியது.

சத்திரசிகிச்சை தேவைப்படுவது அம்மாவுக்குத்தான் என்று மருத்துவர் சொன்னதை யதுர்ஷா தமிழில் சொன்னாள். தன்னை இனி யார் படம் எடுக்கப்போகிறார்கள் என்று ஜெயகுமாரி கேட்டாள். மொழிபெயர்க்க வேண்டாம் என்பதுபோலக் கையையும் அசைத்தாள்.

மருத்துவர் கணினியில் தட்டத் தொடங்கினார்.

ஜெயகுமாரி மகளின் பக்கம் குனிந்தாள். அவளுடைய குரல் மிகவும் தணிந்திருந்தது.

"அப்ப நீ ரெண்டு பக்கமும் திரும்பிப் படுக்கிறனியோ?"