அங்கிள் ஆன்ட்டி ஃபண்ட்

“அண்ணா, கொஞ்சம் நில்லுங்கோ! நீங்கள் கலியாணம் கட்டின ஆளோ?”

ரக்ஷிதா ஓடி வந்து கேட்ட கேள்வியில் தாடிக்காரர் படியில் தடுக்கி விழப் பார்த்தார்.

“எனக்குப் பத்தொன்பது வயசு, அக்கா!”

“சீ! இந்தத் தாடிக்கு ரெண்டு பிள்ளையாவது இருக்குமெண்டு நினைச்சன்.”

மேசையருகே உட்கார்ந்திருந்த நாச்சம்மை சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று இருபது. நான்கு மணிக்குள் இன்னும் ஒரே ஒரு ஆள் வேண்டும்.

விஷயம் இதுதான். கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள அந்தத் தனியார் கல்வி வளாகத்தில் எல்லா மாணவர்களும் தவணைக்கு ஐந்நூறு ரூபாய் ஒரு நிதிக்குக் கட்டுகிறார்கள். திருமணமானவர்கள், பிள்ளை பெற்றவர்கள், முப்பது தாண்டிப் படிக்க வந்தவர்கள் என்று வழக்கமான வயதும் வழியும் தப்பி வந்தவர்களுக்கான உதவி நிதி. இளசுகள் அதற்கு வைத்த பெயர் ‘அங்கிள் ஆன்ட்டி ஃபண்ட்’. அந்தக் காசில்தான் கீழ்மாடியில் பிள்ளைகள் அறை நடக்கிறது. நாச்சம்மையின் நான்கு வயது மகள் இப்போதும் அங்கேதான் சுவரில் யானை வரைந்துகொண்டிருக்கிறாள்.

இந்த வருடம் நிர்வாகம் புது விதி போட்டுவிட்டது. இருபத்தைந்து பேராவது பதிவு செய்யாவிட்டால் நிதி இல்லை, அறையும் இல்லை. அறை இல்லையென்றால் நாச்சம்மைக்குப் படிப்பும் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. இரண்டு வருடம் முக்கி முனகிப் படித்ததெல்லாம் கடைசி வருடத்தில் அம்போவென்று போய்விடும்.

ஃபோர்ம்களைச் சரிபார்ப்பவன் மாணவர் சங்கப் பொருளாளர் தனுஷன். செயலாளர் ரக்ஷிதா ஆளைப் பிடித்து வந்தால் இவன் விரட்டுவான். இரண்டு பேருக்கும் காலையிலிருந்தே ஏழாம் பொருத்தம்.

“ஆக்களைக் கலைக்கிறதுக்கெண்டே இந்தக் கதிரையில இருக்கிறீர், என்ன?”

“சான்று இல்லாமல் ஒரு ஃபோர்மும் எடுக்கமாட்டன். விதி விதிதான்.”

“உம்மைக் கட்டப்போற பெட்டை பாவம்!”

“அது உமக்கேன்?”

நாச்சம்மை கையெடுத்துக் கும்பிட்டாள். “சண்டையெல்லாம் நாலு மணிக்கப்புறம் வச்சுக்கங்க தம்பி. என் பொண்ணோட ரூமு போயிடும்.”

“போகாது அக்கா, நான் விடமாட்டன்!” ரக்ஷிதா மறுபடி படியிறங்கி ஓடினாள். நாச்சம்மையும் பின்னால் ஓடினாள்.

நரைத்த தலையோடு வந்தவரைப் பிடித்தார்கள். அவர் புள்ளிவிபரவியல் விரிவுரையாளர். இடுப்பில் குழந்தையோடு நின்றவளைப் பிடித்தார்கள். அது அவளுடைய அக்காவின் குழந்தை. நூலகத்தில் தூங்கிக்கொண்டிருந்த முப்பத்திரண்டு வயதுக்காரர் கிடைத்ததும் நாச்சம்மை துள்ளியே விட்டாள். அவர் பட்டியலில் ஏற்கெனவே ஒன்பதாம் ஆள்.

மூன்று ஐம்பதுக்கு ரக்ஷிதா ஒரு பெண்ணைக் கையில் பிடித்து இழுத்து வந்தாள். “இவ நதீஷா. போன கிழமைதான் மோதிரம் மாத்தினவ. மண்டபம்கூட புக் பண்ணியாச்சு!”

“மோதிரம் மட்டும் காணாது.” தனுஷன் விதித்தாளை எடுத்து வாசித்தான். “சட்டப்படி விவாகப் பதிவு செய்தவர். அவ்வளவுதான் கிடக்கு. தாலி, மண்டபம் ஒண்டும் இதில இல்ல.”

நதீஷா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். நாச்சம்மைக்குக் கண் கலங்கியது. மகளிடம் நாளைக்கு என்ன சொல்வது?

ரக்ஷிதாவோ அந்த விதித்தாளைப் பறித்து ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்குகிற வழியாகவே இல்லை.

“பைத்தியமா பிடிச்சுது?” என்று நாச்சம்மை பதறும்போதே மாணவர் விவகார அதிகாரி ஹாஷிம் சேர் வந்து நின்றார்.

“நாலு மணியாப் போச்சி, புள்ள. இருபத்தஞ்சி பேர் ஈக்காங்களா?”

“இருக்கினம், சேர்!” ரக்ஷிதா வெற்று ஃபோர்ம் ஒன்றை இழுத்துத் தன் பெயரையே எழுதினாள். ‘திருமணமானவரா?’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

நாச்சம்மை கன்னத்தில் கை வைத்தாள். “அடிப்பாவி! உனக்குக் கல்யாணமாயிடுச்சா?”

“தாலி வாற தையிலதான் அக்கா. ரிஜிஸ்டர் போன மாசம் எழுதினாச்சு. கம்பஸில தெரிஞ்சா பகிடி பண்ணியே கொன்றுபோடுவாங்கள் எண்டு மூச்சு விடேல்ல. தாலி ஏறாமல் அது கலியாணமெண்டு எனக்கே நினைப்பு வரேல்ல!”

இங்கே அது அப்படித்தான். பதிவு ஒரு நாள், தாலி வேறொரு நாள். இடைப்பட்ட காலத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும்கூடத் தங்களைக் கல்யாணமானவர்களாக எண்ணுவதில்லை.

நாச்சம்மை அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். சுற்றிய சுற்றில் ஃபோர்ம்கள் பறந்தன.

“கொஞ்சம் பொறுங்க,” என்று ஹாஷிம் சேர் கண்ணாடியைச் சரிசெய்தார். “விவாகச் சான்றிதழ் எங்க? அது இல்லாம நான் எடுக்க ஏலா. பொருளாளர் எடுக்கவே மாட்டார்.”

எல்லோரும் தனுஷனைப் பார்த்தார்கள். காது இரண்டும் சிவக்க, அவன் தன் போனை எடுத்துச் சேரிடம் நீட்டினான்.

“சான்றிதழ் என்னட்ட இருக்கு, சேர்,” என்றான். “எனக்கும் ஒரு ஃபோர்ம் தாங்கோ.”