கல்லாற்றுக் காட்டில் ஒரு ஸ்பிட்ஃபயர்

வாருங்கள் தோழர்களே, ஒரு திருட்டுக்குச் சாட்சியாக நில்லுங்கள்! அதோ, தம்பானூர் அரங்கின் மேடையில் மாலையும் கழுத்துமாக நிற்கிறாரே, பழைய விமானங்களை ஆராயும் சங்கத்தின் தலைவர் குற்றாலலிங்கம்! உலகப் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயரையும் ஹரிக்கேனையும் ஒப்பிட்டு இளம் ஆய்வாளர் ஸ்வப்னா எழுதிய ஆய்வைத் தம் பெயரில் அச்சிட்டுக்கொண்ட புண்ணியவான் அவர்தான். அன்று அவள் அழுதாள். இன்று நெஞ்சு கனன்றபடி முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.

கல்லாற்றுக் காட்டில் கண்டதாகச் சொல்லி, கருத்துக் கேட்டு அவள் அண்மையில் அவருக்கு அனுப்பிய புகைப்படம்தான் இப்போது திரையில் மின்னியது. பாசி படர்ந்த கற்களுக்கிடையே ஒரு போர் விமானம்.

“கல்லாற்றுக் காட்டுல நான்தன்னே கண்டுபிடிச்சது, கேட்டோ!” என்று மலையாளம் கலந்த தமிழில் முழங்கினார் தலைவர். “ஹரிக்கேனுக்குச் சிறகு தடியா இருக்கும். இது மெலிஞ்ச நீள்வட்டம். சம்சயமே வேண்டாம், ஸ்பிட்ஃபயர்!”

ஸ்வப்னா எழுந்தாள். “சார், கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?”

“பார்த்தேனாவா? பைலட் சீட்டுலயே ஏறி உட்கார்ந்தேன், மோளே!”

கைதட்டல் அரங்கை அதிரவைத்தது. அது ஓயும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து அந்த விமானத்தை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் ஏந்தி உயர்த்திக் காட்டினாள்.

“இதுலயா சார் ஏறினீங்க? ஸ்பிட்ஃபயர்னு சொன்னது சரிதன்னே. நான் அட்டையில செஞ்சு, எங்க வீட்டுச் செடிச்சட்டியில வச்சு எடுத்த படமாக்கும்!”

அரங்கம் வாய்விட்டுச் சிரித்தது. தலைவர் மாலையைக் கழற்றிக்கொண்டே மேடையை விட்டு இறங்கினார்.

வாசகரே, பிறர் உழைப்பைத் தின்று மேடையேறுகிறவன் உங்கள் ஊரிலும் இருக்கிறான். இனி அவனுக்குக் கைதட்டாதீர்கள். எழுந்து நின்று கேள்வி கேளுங்கள்!