ஹேண்டில்பாரில் தொங்கிய பாட்டில்

உப்பளச் சாலையில் ஜெனிட்டா ஓடிக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் தங்கப்பாண்டி அவளை ஒட்டியே மொபெட்டில் வந்துகொண்டிருந்தார். ஹேண்டில்பாரில் தொங்கிய தண்ணீர் பாட்டில் அவள் இடுப்புக்குப் பக்கத்திலேயே குலுங்கிக் குலுங்கி வந்தது. வெயில் ஏறி, வியர்வை காய்ந்து, அவள் கன்னத்தில் உப்புப் பூத்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "சார், ஒரு வாய் தண்ணி," என்று மறுபடியும் கேட்டாள். "குடிச்சா வயிறு கனத்துரும். நாங்கல்லாம் பச்சத்தண்ணி பல்லுல படாம ஓடுனவங்க. தண்ணி இல்லாம ஓடிப் பழகு புள்ள," என்றவர், ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே பாட்டிலை எடுத்துத் தான் மடக்மடக்கென்று குடித்துக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். பாலம் தாண்டியதும் மொபெட் இருமியது, திணறியது, நின்றேவிட்டது. அவர் டேங்க் மூடியைத் திறந்து வண்டியைக் குலுக்கிப் பார்த்தார். சொட்டு பெட்ரோல் இல்லை. உடனே மிச்சத் தண்ணீரை அவள் கண் முன்னாலேயே சாலையோர மண்ணில் கவிழ்த்துவிட்டு, காலிப் பாட்டிலை நீட்டினார். "அடுத்த முக்குல பங்க் இருக்கு. ஓடிப் போய் பெட்ரோல் வாங்கிட்டு வா." மண் அந்தத் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை ஜெனிட்டா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பாட்டிலை வாங்கி, பழையபடி ஹேண்டில்பாரிலேயே மாட்டினாள். "வண்டியும் பெட்ரோல் இல்லாம ஓடிப் பழகட்டும் சார்," என்று சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினாள். வெகுதூரம் வரை அவர் விசில் அவளைத் துரத்திக்கொண்டு வந்தது. மொபெட் வரவில்லை.