நண்பனுக்கு வந்த கடிதம்

“பெத்த தாய்கிட்டப் பொய் சொல்லாதீங்க. பாவம் வந்து சேரும்” என்றாள் அக்னஸ்.

“உண்மையைச் சொன்னா அந்தம்மா உசுரே போயிடும். நீ சும்மா இரு” என்றான் அவள் கணவன் அடைக்கலராஜ்.

அதற்குள் வியாகுலம்மாள் வாசலில் வந்து நின்றாள். பாலக்கரையில் நாலு வீடு தள்ளி அவள் வீடு. ஒரே மகன் அருள்நாதன் ராணுவத்தில் இருக்கிறான். பாகிஸ்தானோடு சண்டை மூண்டதிலிருந்து, தந்திக்காரன் சைக்கிள் தெருவுக்குள் நுழைந்தாலே கதவைச் சாத்திக்கொள்வாள்.

“அருள் உனக்கு எழுதியிருக்கானாமே, தபால்காரர் சொன்னாரு. படிச்சுக் காட்டுப்பா.”

அடைக்கலராஜ் கடிதத்தைப் பிரித்தான். நண்பன்தானே என்று அருள்நாதன் எல்லாவற்றையும் கொட்டியிருந்தான்.

‘குண்டு விழாத ராத்திரி இல்லை. பக்கத்தில் படுத்திருந்த முசிறி பிலோமின்ராஜ் செத்துப்போனான். அடுத்தது நான்தானோ என்று பயமாக இருக்கிறதுடா.’

கடிதத்தை அவள் கண்ணில் படாமல் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

“‘இங்கே ஒரு குறையும் இல்லை. சண்டை எங்கேயோ நடக்கிறது...’”

“அப்புறம்?”

“‘மூன்று வேளையும் சப்பாத்தி. முசிறி பிலோமின்ராஜ் பாட்டுப் பாடி எங்களைத் தூங்கவிடுவதில்லை...’”

ஒரு பொய்க்கு ஒன்பது பொய்யாகச் சரளமாக வந்தது. கேட்கச் சகிக்காமல் அக்னஸ் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வியாகுலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

“அந்தப் பிலோமின்ராஜ் ஆத்துமாவுக்கு இன்னைக்குக் காலையிலதான் பூசை வெச்சேன்” என்றாள் மெதுவாக. “நேத்து எனக்கு வந்த கடுதாசியில அருளே கேட்டிருந்தான்.”

அடைக்கலராஜ் கடிதத்தைக் கீழே இறக்கினான்.

“அம்மா... மன்னிச்சிருங்க. நான் வந்து...”

“மன்னிப்பு எதுக்குப்பா? நீ நல்லதாத்தான் படிப்பேன்னு தெரிஞ்சுதானே வந்தேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவங்கப்பா நெஞ்சு வலி வந்து படுத்திருக்காரு. பிள்ளை என்ன எழுதினான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் பொய் சொன்னா குரலே காட்டிக் கொடுத்துடும். நீ வந்து, இப்பப் படிச்ச மாதிரியே, ஒரு எழுத்து விடாம அவருக்குப் படிச்சுக் காட்டுப்பா.”